தவிட்டின் பெயர் தாங்கிய எண்ணெய்



இலக்கிய வட்டத்தின் மேடையில் வேதியியலுக்கு என்ன வேலை என்னும் ஐயம் எழுவது இயல்பே. அவ்வையத்துக்கு விடையாக ஜெர்மானியப் பெருங்கவிஞர் கேதேயையே முன்னிறுத்தலாம். 1809ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட புதினம் ஒன்றின் தலைப்பு, அக்காலத்து வேதியியலாரின் கலைச்சொல்லிலிருந்து எடுக்கப்பட்டது. ஒரு பொருள் தன்னோடு பிணைந்திருந்த துணையை நீங்கி, வேறொன்றைத் தேர்ந்து சேரும் இயல்பை அவர்கள் அச்சொல்லால் குறித்து வந்தனர். ஒரு கணவன் மனைவியின் இல்லத்தில் வேறிருவர் வந்து தங்க, உறவுகள் இடம் மாறிப் போவதைச் சொல்ல வந்த கவிஞர், அச்சொல்லையே தம் கதைக்குப் பெயராக்கினார். வேதியியல் இலக்கியத்துக்குள் நுழைந்தது அன்று. இனிச் சொல்லப்படுவது, அக்கவிஞரின் நிழலில் வளர்ந்த ஒரு வேதியியலாளர் கண்ணில் பட்ட சில சொட்டு எண்ணெயின் வரலாறு.

கேதே அமைச்சராக இருந்த வைமார் அரசின் ஆட்சிப் பரப்பில் யேனா பல்கலைக்கழகம் இருந்தது. 1810இல் அங்கு வேதியியல் இருக்கைக்கு வந்தவர் யோஹன் வோல்ஃப்காங் டோபரைனர். குதிரை வண்டி ஓட்டியவரின் மகன். மருந்துக் கடையில் தொழில் பயின்றவர். முறையான பட்டம் ஏதும் இல்லாதவர். அத்தகைய ஒருவரைப் பேராசிரியராக்கியதில் கேதேக்குப் பங்கிருந்தது. பின்னர் அவரிடமே கவிஞர் வேதியியல் கேட்டறிந்தார். 1823இல் டோபரைனர் வியப்பான ஒன்றைக் கண்டார். நுண்துளைகள் நிறைந்த பிளாட்டினத்தின் மீது ஹைட்ரஜன் வாயுவைப் பாய்ச்சியபோது, நெருப்பின் துணையில்லாமலே அது பற்றிக்கொண்டது. பிளாட்டினமோ சற்றும் குறையவில்லை. தீக்குச்சி பரவாத அக்காலத்தில் இந்தக் கண்டுபிடிப்பு விளக்கேற்றும் கருவியாகி வீடு வீடாகச் சென்றது.

அதே ஆசிரியர் மற்றொரு நாள் சர்க்கரையோடு கந்தக அமிலத்தையும் மாங்கனீசு ஆக்சைடையும் சேர்த்துக் காய்ச்சி வடித்துக்கொண்டிருந்தார். அவர் நாடியது எறும்பு அமிலம். முன்னாளில் எறும்புகளை வடித்தே அதனைப் பெற்றமையால் வந்த பெயர் அது. வடிநீரோடு எண்ணெய் போன்ற ஒன்று சில சொட்டுகள் வந்து சேர்ந்தது. வாதுமையை ஒத்த மணம். சிறிது நேரத்தில் நிறம் கறுத்தது. 1832ஆம் ஆண்டு வெளியான கட்டுரையில் அதைப் பற்றிச் சில வரிகள் எழுதிவிட்டு அவர் வேறு பணிக்குச் சென்றார். கேதே மறைந்த ஆண்டும் அதுவே.

இவ்வெண்ணெயின் கதையைத் தொடருமுன், அதனைப் பிறப்பித்த வித்தையைச் சற்று விளக்குதல் வேண்டும். 1811இல், ஐரோப்பாவில் நெப்போலியனின் வணிகத் தடையால் கரும்புச் சர்க்கரை அரிதாகிவிட்ட வேளையில், செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் கிர்க்காஃப் என்பவர் மாவுப் பொருளை நீர்த்த கந்தக அமிலத்தில் கொதிக்க வைத்துச் சர்க்கரை எடுத்தார். எடுத்த பின் பார்த்தால், ஊற்றிய அமிலம் ஊற்றிய அளவிலேயே இருந்தது. 1819இல் பிரான்சின் நான்சி நகரில் பிராக்கோனோ என்பார் ஒரு படி மேலே சென்றார். கிழிந்த லினன் துணியையும் மரத்தூளையும் அமிலத்தில் ஊறவைத்து, அவற்றினின்றும் சர்க்கரை பெற்றார். கந்தல் துணி இனித்தது! மரமும் பருத்தியும் வைக்கோலும் சர்க்கரையால் கட்டப்பட்ட மாளிகைகளே என்பதை உலகம் அறிந்தது இவ்வாறுதான்.

தான் கெடாமல் பிற பொருள்களின் மாற்றத்தை நடத்திவைக்கும் இந்நிகழ்ச்சிகளையெல்லாம் ஒருசேர நோக்கி, ஸ்வீடன் நாட்டு பெர்சீலியஸ் 1835இல் எழுதிய அறிக்கையில் ஒரு பொதுப்பெயர் இட்டார். கட்டவிழ்த்தல் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து அவர் அதனை உருவாக்கினார். தமிழில் கிரியா ஊக்கி என்றும், வினைவேக மாற்றி என்றும் வழங்கி, இறுதியில் வினையூக்கி என்று பாடநூல்களில் நிலைபெற்ற சொல் அதுவே. தமிழ்ச் சொல் ஊக்கத்தை எடுத்துச் சொல்கிறது. கிரேக்கச் சொல் தளர்த்துதலைச் சொல்கிறது. சர்க்கரையைப் பொறுத்தமட்டில் கிரேக்கச் சொல்லே கூடுதல் பொருத்தம் எனலாம். மரமாகவும் உமியாகவும் இறுகிக் கிடக்கும் சர்க்கரைச் சங்கிலிகளின் கண்ணிகளைக் கழற்றுவதே அங்கு முதல் வேலை. இரு வீட்டாரையும் கூட்டி மணமுடித்து வைத்து, தரகு ஏதும் பெறாமல் அடுத்த வீட்டுக்குச் செல்லும் தரகர் ஒருவர் உண்டென்றால், அவரை வினையூக்கி என்று அழைக்கலாம்.

சர்க்கரை என்பது யாது? குளுக்கோஸ் 180 கிராம் எடுத்துக்கொண்டால், அதில் கரி 72 கிராம், ஹைட்ரஜன் 12 கிராம், எஞ்சிய 96 கிராமும் ஆக்சிஜன். எடையில் பாதிக்கு மேல் ஆக்சிஜனாக இருக்கும் பொருள் இது. மண்ணுக்கடியிலிருந்து வரும் பெட்ரோலியத்திலோ ஆக்சிஜன் ஏறத்தாழ இல்லை. கரியும் ஹைட்ரஜனுமே உள்ளன. இந்த ஒரு வேறுபாட்டில்தான் செய்தி முழுவதும் அடங்கியுள்ளது. பெட்ரோலியத்தைக் கொண்டு மருந்தோ பிசினோ இழையோ செய்ய விழைவோர், இல்லாத ஆக்சிஜனை வலிந்து புகுத்த வேண்டும். சர்க்கரையைக் கொண்டு பெட்ரோல் செய்ய விழைவோர், இருக்கும் ஆக்சிஜனை வலிந்து வெளியேற்ற வேண்டும். வெளியேற்றும் போது எடையும் போகிறது, செலவும் ஏறுகிறது.

மிக எளிய வெளியேற்றம் நீராக வெளியேற்றுவது. தாவரத்தின் உடலில் குளுக்கோஸ் போன்ற ஆறு கரிச் சர்க்கரைகளோடு, சைலோஸ் போன்ற ஐந்து கரிச் சர்க்கரைகளும் உள்ளன. உமியிலும் தவிட்டிலும் கரும்புச் சக்கையிலும் மக்காச்சோளத் தண்டிலும் இந்த ஐந்து கரிச் சர்க்கரைகள் மிகுதி. சைலோசை அமிலத்தில் சூடேற்றினால் மூன்று நீர் மூலக்கூறுகள் கழன்று போகின்றன. 150 கிராமில் 54 கிராம் நீராகி, 96 கிராம் எஞ்சுகிறது. அந்த எச்சமே டோபரைனர் கண்ட எண்ணெய். 1840இல் ஸ்காட்லாந்தின் ஸ்டென்ஹவுஸ், சர்க்கரை தேவையில்லை, தானியத்தையோ தவிட்டையோ மரத்தூளையோ அமிலத்தோடு வடித்தாலும் அதே எண்ணெய் கிடைக்கும் என்று காட்டினார். 1845இல் ஃபௌன்ஸ் என்பார் அதற்குப் பெயர் சூட்டினார். இலத்தீன் மொழியில் தவிட்டுக்கு 'ஃபர்ஃபுர்' என்று பெயர். தவிட்டில் பிறந்த எண்ணெய் ஆகையால் ஃபர்ஃபியூரால் ஆயிற்று. வேதியியலில் பெரும்பாலான பெயர்கள் வாயில் நுழையாதவை. இந்த ஒரு பெயரிலாவது புழக்கடையின் மணம் வீசுகிறது.

பெயர் பெற்ற பின்னும் எண்பதாண்டு காலம் அது ஆய்வுக்கூடத்து அலமாரியிலேயே உறங்கியது. மூலக்கூற்றின் உருவம் 1901இல்தான் தெளிவாயிற்று. கல்லூரி மாணவர்களுக்கு மட்டும் அது அறிமுகம் இல்லாமலே அறிமுகமாயிற்று: சர்க்கரை உள்ளதா என்று சோதிக்கும் மோலிஷ் சோதனையில், குழாயின் நடுவே தோன்றும் ஊதா வளையம் ஃபர்ஃபியூராலும் அதன் உடன்பிறப்பும் தரும் நிறமே. அவ்வளையத்தைக் கண்டு மதிப்பெண் பெற்றோர் இவ்வவையிலும் பலர் இருக்கக்கூடும்.

உறங்கியதை எழுப்பியது ஒரு கஞ்சி மாவு வணிகம். அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் சீடார் ராப்பிட்ஸ் நகரில் குவாக்கர் ஓட்ஸ் நிறுவனத்தின் ஆலை இருந்தது. ஓட்ஸ் தானியத்தை உரித்த பின் உமி மலைபோல் குவிந்தது. அதனை அமிலத்தில் வேகவைத்துக் கால்நடைகளுக்கு ஏற்ற தீவனமாக்கலாம் என்று முயன்றபோது, ஆவியோடு வந்து சேர்ந்தது அந்தப் பழைய எண்ணெய். தீவனத்தைவிட அதுவே மதிப்புடையது என்று உணர்ந்த நிறுவனம், 1922இல் அதனை வணிகப் பொருளாக்கியது. விலை சரிந்தது, பயன்கள் பெருகின. மசகெண்ணெயைத் தூய்மை செய்ய அது உதவியது. இரண்டாம் உலகப் போரில் இயற்கை ரப்பர் விளையும் நாடுகள் ஜப்பானின் கைக்குப் போனபோது, செயற்கை ரப்பருக்கு வேண்டிய பியூட்டாடையீன் வாயுவைப் பிற வாயுக்களினின்றும் பிரித்தெடுக்கும் கரைப்பானாக ஃபர்ஃபியூரால் நின்றது. போருக்குப் பின், டியூபாண்ட் நிறுவனம் நைலான் இழைக்கான இடைப்பொருளையே இதிலிருந்து செய்தது. பெண்டிர் அணிந்த நைலான் உடையின் ஒரு பகுதி அக்காலத்தில் ஓட்ஸ் உமியில் பிறந்தது என்றால் மிகையன்று. 1960களின் தொடக்கத்தில் பெட்ரோலிய வாயுக்கள் மலிந்தபோது அவ்வழி கைவிடப்பட்டது. அறிவியல் தோற்கவில்லை; விலைச்சீட்டு வென்றது.

எளிய வினைதானே, மூன்று நீர் மூலக்கூறு கழன்றால் போதுமே, பின் ஏன் இதனால் உலகம் நிறையவில்லை என்ற கேள்வி எழும். அதற்கு விடை கூற வெல்லம் காய்ச்சுவோரைவிடத் தக்கவர் இல்லை. கொப்பரையில் கருப்பஞ்சாறு கொதித்துக் குறுகும்போது, பாகின் பதம் பார்ப்பவர் அடுப்பை விட்டு அகலமாட்டார். பதத்துக்கு முன் இறக்கினால் வெல்லம் இறுகாது. பதம் தவறினால் முறுகிக் கருகிப் போகும். அமிலக் கலத்திலும் அதுவே நிகழ்கிறது. சர்க்கரையிலிருந்து பிறந்த ஃபர்ஃபியூரால் அங்கேயே தங்கினால் தன்னோடு தானும், எஞ்சிய சர்க்கரையோடும் கூடி, எதற்கும் கரையாத கரிய பிசினாக மாறிவிடுகிறது. ஆகவே பிறந்த கணமே அதனை நீராவியால் அடித்துக்கொண்டு வெளியேற்ற வேண்டும். பழைய ஆலைகள் இதனைச் செய்தும், கிடைக்கக்கூடியதில் ஏறத்தாழப் பாதியையே பெற முடிந்தது.

ஆறு கரிச் சர்க்கரையும் இவ்வாறே மூன்று நீரை இழக்கும். 180 கிராமில் 54 கிராம் போக 126 கிராம் எஞ்சும். எஞ்சும் பொருளின் பெயர் நீளமானது: ஹைட்ராக்சிமெத்தில் ஃபர்ஃபியூரால். பெயரைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. சர்க்கரை காயும் சமையலறையிலெல்லாம் அது சிறிதளவு பிறந்துகொண்டுதான் இருக்கிறது. தேனைச் சூடாக்கினாலோ நெடுநாள் வைத்திருந்தாலோ அது கூடும். ஆகையால் தேனின் தரத்தை அதைக்கொண்டே அளக்கிறார்கள். உலகத் தரவிதி கிலோவுக்கு 40 மில்லிகிராமும், வெப்ப நாட்டுத் தேனுக்கு 80 மில்லிகிராமும் எல்லையாக வகுத்துள்ளது. தேனில் குற்றமாகக் கருதப்படும் பொருளையே ஆலையில் செல்வமாகக் கருதுகிறார்கள். இடம் மாறினால் மதிப்பும் மாறுகிறது. ஆனால் ஃபர்ஃபியூராலைப் போல இது எளிதில் ஆவியாகாது. நீராவியால் அடித்துச் செல்ல முடியாத இப்பொருளை எப்படி மீட்பது?

அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் டூமசிக்கும் அவர்தம் மாணவரும் 2006இல் காட்டிய வழி, எண்ணெயும் நீரும் கலவாது என்னும் எளிய உண்மையின் மீது எழுப்பப்பட்டது. கீழே நீரில் பிரக்டோஸ் சர்க்கரையும் அமிலமும். மேலே நீரோடு கலவாத கரைப்பான். கீழே பிறக்கும் பொருள் உடனுக்குடன் மேலே ஏறித் தப்பிவிடுகிறது; கருகும் வாய்ப்புக் குறைகிறது. பதம் பார்த்து இறக்கும் ஆளின் வேலையைக் கரைப்பானே செய்கிறது. வினையூக்கியைக் கண்டுபிடிப்பது பாதி வேலை, விளைந்ததை வினையூக்கியிடமிருந்து காப்பாற்றுவது மறுபாதி என்பது இத்துறையில் அடிக்கடி மெய்ப்படும் பாடம். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்னரே, 2002இல், அவ்வாய்வுக் குழுவினர் சர்க்கரைக் கரைசலை அழுத்தத்தில் நீராகவே வைத்துச் சூடாக்கி, பிளாட்டினத்தின் உதவியால் ஹைட்ரஜன் எடுத்திருந்தனர். யேனாவில் ஹைட்ரஜனைப் பற்றவைத்த அதே உலோகம், விஸ்கான்சினில் ஹைட்ரஜனைச் சர்க்கரையிலிருந்து வருவித்தது.

அந்த நீண்ட பெயருடைய பொருளைக் கொண்டு என்ன செய்வது? அதனையும் அதன் உறவுப் பொருள்களையும் ஆக்சிஜனேற்றம் செய்தால் ஓர் அமிலம் கிடைக்கும். அவ்வமிலத்தைக் கிளைக்காலோடு கோத்தால், குடிநீர்ப் புட்டிகள் செய்யும் பிளாஸ்டிக்குக்கு ஈடான, காற்றும் குளிர்பானத்தின் வாயுவும் ஊடுருவுவதைத் தடுப்பதில் அதனினும் மேலான ஒரு பொருள் உருவாகிறது. நெதர்லாந்தின் டெல்ஃப்சைல் நகரில் அவான்டியம் நிறுவனம், ஆண்டுக்கு 5,000 டன் அமிலம் செய்யும் ஆலையை 2024இல் திறந்தது. உலகின் பிளாஸ்டிக் உற்பத்தியோடு ஒப்பிட்டால் இது கடலில் ஒரு துளியே. எனினும் கணக்கின் தன்மையை நோக்குதல் வேண்டும். 180 கிராம் குளுக்கோசிலிருந்து வினை முழுமையாக நடந்தால் 156 கிராம் அமிலம். சர்க்கரையில் தாவரம் சேர்த்து வைத்த ஆக்சிஜனில் ஒரு பகுதி பயன்படு பொருளுக்குள்ளேயே தங்குகிறது.

இங்கேதான் எரிபொருள் வழக்கு வந்து நிற்கிறது. ஈஸ்ட் நுண்ணுயிர், தன் நொதிகளாகிய வினையூக்கிகளைக் கொண்டு, 180 கிராம் குளுக்கோசை 92 கிராம் எரிசாராயமாகவும் 88 கிராம் கரியமில வாயுவாகவும் பிரிக்கிறது. ஏறத்தாழப் பாதி எடை குமிழியாகப் போய்விடுகிறது. எஞ்சிய பாதியும் வண்டியின் வயிற்றில் எரிந்து அதே வாயுவாகிறது. அதே குளுக்கோசைப் பாலமிலமாக மாற்றினால் 180 கிராமுக்கு 180 கிராமும் கிடைக்கும். நிக்கல் வினையூக்கியின் மீது ஹைட்ரஜனோடு சேர்த்தால் 182 கிராம் சார்பிட்டால் கிடைக்கும். பற்பசை உலராமல் மென்மையாக இருப்பதும், வைட்டமின் சி ஆலைகளில் முதற்பொருளாக நிற்பதும் அதுவே. இந்த எண்களை அருகருகே வைத்து நோக்குவோருக்கு, சர்க்கரையை எரிப்பது சந்தனக் கட்டையைக் கொண்டு உலை வைப்பது போலவே தோன்றும்.

இவ்வழக்கில் எதிர்த்தரப்பின் வாதமும் வலிமையுடையதே. உலகம் நாளொன்றுக்குச் செலவிடும் பெட்ரோலியம் ஏறத்தாழ 10 கோடி பீப்பாய். ஃபர்ஃபியூராலோ ஆண்டு முழுதும் சில இலட்சம் டன்னே. வேதிப்பொருள்களை மட்டும் செய்துகொண்டிருந்தால், எண்ணெய் இறக்குமதிக்குச் செல்லும் அந்நியச் செலாவணியில் கீறல்கூட விழாது. 1975இல் பிரேசில் தன் கரும்பை எரிசாராயமாக்கத் துணிந்ததற்கும், இந்தியா 2018ஆம் ஆண்டுக் கொள்கையில் 2030க்கு வகுத்த 20 விழுக்காட்டுக் கலப்பை 2025இலேயே எட்டியதற்கும் இதுவே காரணம். ஆலைகளின் நிலுவையால் வாடிய கரும்பு உழவர்களுக்கு அது கைகொடுத்தது என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் 2023ஆம் ஆண்டின் இறுதியில் கரும்பு விளைச்சல் குறித்த அச்சத்தால் கருப்பஞ்சாற்றின் பயன்பாட்டை அரசு கட்டுப்படுத்தியபோது, மக்காச்சோளம் பெருமளவில் எரிசாராய ஆலைக்குச் சென்றது. அதே மக்காச்சோளத்தைத் தீவனமாக நம்பியிருக்கும் நாமக்கல் கோழிப் பண்ணைகள் விலையேற்றத்தை உணர்ந்தன. வண்டியும் கோழியும் ஒரே குதிருக்கு முன் வரிசையில் நிற்கும் நிலை நல்ல நிலை எனக் கொள்வதற்கில்லை.

எரிபொருளிலும் ஒரு விதிவிலக்கு உண்டு. மின்கலத்தைக் கொண்டு சிற்றுந்து ஓட்டலாம். பெருங்கடல் தாண்டும் வானூர்தியை ஓட்டுவது கடினம். 2023ஆம் ஆண்டு நவம்பரில் இலண்டனிலிருந்து நியூயார்க்குக்குப் பெட்ரோலியம் கலவாத எரிபொருளால் பறந்த விமானத்தில், 88 விழுக்காடு கழிவெண்ணெய், கழிவுக் கொழுப்புகளிலிருந்து வந்தது. மீதி 12 விழுக்காடு தாவரச் சர்க்கரையிலிருந்து வினையூக்கிகளால் செய்யப்பட்டது. டூமசிக்கின் ஆய்விலிருந்து முளைத்த வைரென்ட் நிறுவனத்தின் ஆக்கம் அது. வளைய வடிவ மூலக்கூறுகளாகிய அப்பகுதி இல்லையேல், எரிபொருள் குழாய்களில் உள்ள ரப்பர் வளையங்கள் உப்பி இறுகாமல் கசிவு நேரும். அளவில் சிறிது, ஆனால் அதனை ஒதுக்கிவிட்டுப் பறக்க முடியாது.

தானியத்தை விட்டு, வைக்கோலையும் தண்டையும் கொண்டு எரிசாராயம் செய்தால் வழக்குத் தீராதா என்பர். 2015இல் டியூபாண்ட் நிறுவனம் அயோவாவில் மக்காச்சோளத் தட்டையைக் கொண்டு அவ்வாறே ஒரு பேராலை திறந்தது. 2017இல் அதனைக் கைவிட்டது. 2022இல் அரியானாவின் பானிப்பட்டில் நெல் வைக்கோலிலிருந்து நாளொன்றுக்கு ஒரு இலட்சம் லிட்டர் எரிசாராயம் எடுக்கும் ஆலை நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அறுவடை முடிந்த சில வாரங்களுக்குள் பல்லாயிரம் வயல்களிலிருந்து வைக்கோலைத் திரட்டி, கட்டி, நனையாமலும் தீப்பற்றாமலும் ஆண்டு முழுதும் காப்பது, கலத்துக்குள் நிகழும் வேதிவினையைவிடக் கடினமான வினையாக இருக்கிறது. அவ்வினைக்கு இன்னும் எவரும் வினையூக்கி கண்டிலர்.

சீடார் ராப்பிட்சின் வெற்றிக்கு உண்மைக் காரணம் இப்போது விளங்கும். அங்கு உமியைத் தேடி எவரும் ஊர் ஊராகச் செல்லவில்லை. அது ஆலையின் கொல்லையிலேயே குவிந்து கிடந்தது. சர்க்கரை ஆலையில் கரும்புச் சக்கையும் அவ்வாறுதான். சக்கையின் உலர்ந்த எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு, ஐந்து கரிச் சர்க்கரைகளால் ஆனது. இன்று ஃபர்ஃபியூரால் உற்பத்தியில் முதலிடம் வகிக்கும் சீனா, மக்காச்சோளக் கதிரின் நெட்டைக் கொண்டு அதனைச் செய்கிறது. அசாமின் நுமாலிகரில் 2025 செப்டம்பரில் திறக்கப்பட்ட ஆலை மூங்கிலைக் கொண்டு எரிசாராயம் மட்டும் எடுத்து நிற்கவில்லை. ஃபர்ஃபியூராலையும் அசெட்டிக் அமிலத்தையும் உடன் எடுக்க வகுக்கப்பட்டுள்ளது. உத்தராகண்டின் காசிப்பூரிலோ, கழிவுப் பாகிலிருந்து வந்த எரிசாராயத்தை எரிக்காமல், அலுமினா, வெள்ளி ஆகிய வினையூக்கிகளின் வழியே கிளைக்காலாக மாற்றும் ஆலை 1989 முதலே உண்டு.

தமிழ்நாட்டில் சக்கைக்கு முன்னரே இரு உரிமையாளர்கள் உள்ளனர். ஒன்று ஆலையின் கொதிகலன். மற்றொன்று கரூர் மாவட்டத்துக் காகிதபுரத்தில் 1980களிலிருந்து சக்கையைக் கொண்டு தாள் செய்யும் அரசு நிறுவனம். இம்மலர் போன்ற எத்தனையோ நூல்களின் தாள் கரும்பு வயலில் விளைந்தது என்பது எழுத்தாளர்கள் நினைவில் வைக்கத்தக்கது. தாளுக்குச் செல்லும் சக்கையில் கைவைப்பது தகாது. ஐந்து கரிச் சர்க்கரைகளை உருவிவிட்டால் இழைகளின் பிணைப்புத் தளர்ந்து தாளின் வலிமை குன்றும். கொதிகலனுக்குச் செல்லும் சக்கையின் நிலை வேறு. ஃபர்ஃபியூராலை எடுத்த பின் எஞ்சும் செல்லுலோசும் லிக்னினும் அடுப்பில் எரியத் தடையில்லை. எடுத்த எண்ணெயைச் செம்பு வினையூக்கியின் மீது ஹைட்ரஜனோடு சேர்த்தால் அதன் ஆல்கஹால் கிடைக்கும். உலகில் பிறக்கும் ஃபர்ஃபியூராலில் பெரும்பகுதி செல்லும் இடம் அதுவே. அதிலிருந்து செய்யும் பிசின், வார்ப்படத் தொழிலில் அச்சு மணலை இறுக்கும் பசை. கோவையைப் போல வார்ப்பகங்கள் செறிந்த நகரங்கள், கரும்பாலைகளிலிருந்து சில மணி நேரத் தொலைவில் இருக்கும் மாநிலம் இது.

டொமினிகன் குடியரசின் லா ரொமானாவில் 1950களிலும், பின்னர் தென்னாப்பிரிக்காவின் செசிலாவிலும் சர்க்கரை ஆலைகளை ஒட்டி எழுந்த ஃபர்ஃபியூரால் ஆலைகள் இம்முறையையே கைக்கொண்டன. அங்கே சக்கை முதலில் நீராவிக் கலத்துக்குள் சென்று தன் எண்ணெயைக் கொடுத்தது. பின்னர் அதே சக்கை கொதிகலனுக்குச் சென்று, அடுத்த வண்டிச் சக்கைக்கு வேண்டிய நீராவியையும் கொடுத்தது.